மாரடைப்புக்குப் பிறகு மனதையும் அளக்க வேண்டும்

மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரின் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். எந்த ரத்தக்குழாயில் எத்தனை சதவீதம் அடைப்பு, எத்தனை ஸ்டென்ட், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது, கொழுப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்று எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். உப்பைக் குறைக்கவும், புகைபிடிக்கக் கூடாது, குறித்த தேதியில் மறுபரிசோதனைக்கு வரவும் என்ற அறிவுரைகளும் இருக்கும். அந்த மனிதரின் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரியும் இருக்காது. விதிவிலக்கான மருத்துவமனைகள் உண்டு, வழக்கம் இதுதான். விடுபட்ட அந்த ஒரு வரி, அடுத்து வரும் மாதங்களை அவர் எப்படிக் கடக்கப்போகிறார் என்பதைக் கணிக்க உதவும் முக்கியமான தகவல்களுள் ஒன்று. அதைக் கேட்காமல் அனுப்புவது, ரத்த அழுத்தத்தை அளக்காமல் அனுப்புவதற்கு நிகரான குறை.

இப்படிச் சொல்ல முப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆதாரம் இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் இதய மருத்துவ நிலையத்தில் நான்சி ஃப்ரேஷர் ஸ்மித், ஃபிரான்சுவா லெஸ்பெரான்ஸ் ஆகியோர் செய்த ஆய்வு 1993-இல் வெளியானது. மாரடைப்பு வந்து அனுமதிக்கப்பட்ட 222 பேரை, மருத்துவமனையில் இருக்கும்போதே நேர்காணல் செய்தார்கள். 35 பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த 35 பேரில் 6 பேர் உயிரோடு இல்லை. மனச்சோர்வு இல்லாத 187 பேரிலும் இறந்தவர்கள் அதே 6 பேர்தான். சதவீதமாகச் சொன்னால் ஒரு பக்கம் 17, மறுபக்கம் 3. இதயம் எவ்வளவு பலவீனப்பட்டிருந்தது, முன்பே மாரடைப்பு வந்திருந்ததா என்பதையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் இறப்பு அபாயம் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. மொத்த இறப்பே பன்னிரண்டு. இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவுக்கு வரலாமா என்று அன்றைக்குக் கேட்டவர்கள் கேட்டது நியாயம்தான். அதன் பிறகு பல நாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து ஆய்வுகள் நடந்தன. நான்கு மடங்கு என்பது குறைந்து ஏறக்குறைய இரண்டு மடங்கில் வந்து நின்றது. திசை மட்டும் மாறவில்லை. 2014-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு, மாரடைப்புக்குப் பிறகு வரும் மனச்சோர்வை இதயநோய் மோசமாவதற்கான அபாயக் காரணிகளுள் ஒன்றாகவே கருத வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் பேச்சில் ஒரு குழப்பம் இருக்கிறது. அதை இங்கேயே விலக்கிவிடுவது நல்லது. வேலைச் சுமை, கடன், வீட்டுச் சண்டை ஆகியவற்றால் வரும் நெருக்கடியையும் மன அழுத்தம் என்கிறோம். மாதக்கணக்கில் ஆளை முடக்கிப்போடும் நோயையும் மன அழுத்தம் என்கிறோம். இரண்டும் வேறு. மனச்சோர்வு என்று மருத்துவம் சொல்வது, குறைந்தது இரண்டு வாரமாவது பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் ஒட்டிக்கொள்வது, சிலருக்குச் சாவே மேல் என்று தோன்றுவது. மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இது தீவிரமான நோயாகவே இருக்கிறது. இன்னும் பலருக்கு அதைவிடக் குறைந்த அளவில் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. பிள்ளையின் படிப்பும் மகளின் கல்யாணமும் வீட்டுக் கடனும் முடியாத வயதில் நம்மவர்களுக்கு மாரடைப்பு வருகிறது. அந்த வயதில் படுத்தவரின் மனம் தளர்ந்துபோனால் வீடு முழுவதும் தளர்ந்துபோகும்.

மனதில் இருக்கும் ஒன்று ரத்தக்குழாயை எப்படிப் பாதிக்கும்? இரண்டு வழிகளில். முதல் வழி உடலுக்குள்ளேயே ஓடுகிறது. மனச்சோர்வு உள்ளவர்களின் ரத்தத்தில் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொண்டு உறையும் தன்மை கூடுதலாகக் காணப்படுகிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இதைவிட வேண்டாத செய்தி இருக்க முடியாது. உடலில் அழற்சியைக் காட்டும் பொருட்கள் அதிகமாகின்றன. கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் தாறுமாறாகின்றன. ஆரோக்கியமான இதயம் கடிகாரம் போலத் துல்லியமாகத் துடிப்பதில்லை. மூச்சுக்கும் அசைவுக்கும் ஏற்பத் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி சற்றே கூடிக் குறையும். மனச்சோர்வில் இந்த நெகிழ்வு குறைந்துபோகிறது. அது குறைந்தவர்களுக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வழி வீட்டுக்குள் எல்லோரும் பார்க்கக்கூடியது, ஆனால் வேறு பெயரில் பார்க்கப்படுவது. மாத்திரை டப்பா அப்படியே இருக்கும். காலையில் நடக்கச் சொன்னால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். விட்ட பீடியை மறுபடி எடுப்பார். மறுபரிசோதனைக்கு ஒரு தேதி தள்ளிப்போகும், பிறகு இன்னொன்று. வீட்டில் இதைப் பிடிவாதம் என்பார்கள், சோம்பல் என்பார்கள், சொன்ன பேச்சைக் கேட்காத குணம் என்பார்கள். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஆயிரம் இதய நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், மருத்துவர் சொன்னபடி மருந்து சாப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள் மனச்சோர்வு உள்ளவர்களில் 14 சதவீதம், இல்லாதவர்களில் 5 சதவீதம். அதே நோயாளிகளை வைத்து 2008-இல் வெளியான இன்னொரு கட்டுரை, மனச்சோர்வுக்கும் அடுத்தடுத்த இதயப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பில் பெரும்பகுதியை இத்தகைய பழக்கங்களே, அதிலும் உடல் அசைவு இல்லாமல் முடங்கிக் கிடப்பதே விளக்கிவிடுகிறது என்று காட்டியது. இதைக் கேட்டு, அப்படியானால் பிரச்சினை மனதில் இல்லை, பழக்கத்தில்தான் என்று முடிவு செய்துவிடக் கூடாது. எழுந்து நடக்க முடியாமல் செய்வதே இந்த நோயின் இயல்பு. கால் உடைந்தவரை ஓடவில்லை என்று யாரும் திட்டுவதில்லை.

சாவின் வாசல்வரை போய் வந்தவர் துவண்டிருப்பது இயற்கைதானே, அதற்கு நோய் என்று பெயர் சூட்ட வேண்டுமா என்று கேட்கலாம். துவள்வது இயற்கைதான். பலருக்குச் சில வாரங்களில் அது தானே விலகிவிடும்; அவர்களுக்கு மாத்திரை எதுவும் வேண்டியதில்லை. ஆனால் யாருக்கு விலகும், யாருக்குத் தங்கிவிடும் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் வீடு திரும்பும் முன் ஒருமுறையும், ஒரு மாதம் கழித்து வரும் மறுபரிசோதனையில் மறுமுறையும் கேட்க வேண்டும் என்கிறேன். இயற்கையானது என்பதாலேயே ஆபத்து இல்லாதது என்று ஆகிவிடாது. வயது ஏற ஏற ரத்த அழுத்தம் கூடுவதும் இயற்கைதான், அளக்காமலா விடுகிறோம்?

இன்னொரு மறுப்பு கனமானது. இதயம் மோசமாகச் சேதமடைந்தவர்களுக்குத்தான் மனமும் அதிகம் சோர்கிறது. அவர்கள் இறப்பது இதயத்தால், சோர்வு அதன் நிழல் மட்டுமே என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006-இல் நடந்த அலசலில், இதயத்தின் இயங்குதிறனைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது மனச்சோர்வின் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாதி குறைந்தது, மீதிப் பாதி நின்றது. தவிர, மாரடைப்பே வராத ஆரோக்கியமானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும் மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பின்னாளில் இதயநோய் வரும் அபாயம் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்திருக்கிறது. அவர்களிடம் நிழல் விழுவதற்கு அடிபட்ட இதயம் எதுவும் அப்போது இல்லை. இந்தத் தொடர்பு இரு திசைகளிலும் ஓடுகிறது என்பதே சான்றுகளுக்கு நேர்மையான வாசிப்பு.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு, மனச்சோர்வுக்குச் சிகிச்சை கொடுத்தால் உயிர் பிழைப்பது கூடுமா என்பது. இதை நேருக்கு நேர் சோதித்த பெரிய ஆய்வு என்ரிச்ட். அமெரிக்காவில் மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வோ துணையற்ற தனிமையோ இருந்த 2,481 பேரில் ஒரு பாதியினருக்கு மனநலப் பேச்சுச் சிகிச்சையும் தேவைப்பட்டவர்களுக்கு மருந்தும் தந்தார்கள். 2003-இல் முடிவு வந்தது: மனம் ஓரளவு தேறியது, இறப்பும் மறு மாரடைப்பும் குறையவில்லை. என்னைப் போல் வாதிடுகிறவர்கள் இந்த முடிவை மறைக்கவோ சுற்றி வளைக்கவோ கூடாது. சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே மனநிலையில் கிடைத்த வித்தியாசமே சிறியது என்பதால் இதயத்தில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்த்திருக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு; அது ஏற்கத்தக்க விளக்கம், நிரூபணம் அல்ல. மறுபுறம், தென்கொரியாவில் 300 நோயாளிகளுக்கு எஸ்சிட்டலோபிராம் மருந்தையோ வெற்று மாத்திரையையோ 24 வாரம் கொடுத்து, சராசரியாக எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, இறப்பு, மறு மாரடைப்பு, மீண்டும் ஸ்டென்ட் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 40.9 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 53.6 சதவீதம். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ஒரே ஆய்வு, அதுவும் 300 பேர். இதை வைத்து மனச்சோர்வு மாத்திரை மாரடைப்பைத் தடுக்கும் என்று சொன்னால் அது மிகை.

நான் அதைச் சொல்லவில்லை. மனச்சோர்வு உயிரை எடுக்கிறதோ இல்லையோ, வாழ்க்கையை எடுத்துவிடுகிறது. அதற்குச் சிகிச்சை பெறும் உரிமை, இதய நோயாளி என்ற காரணத்தால் ஒருவருக்குக் குறைந்துவிடாது. முதுகு வலிக்கு மருந்து தரும்போது இது ஆயுளை நீட்டிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. சிகிச்சை பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. பழைய தலைமுறை மனச்சோர்வு மருந்துகள் இதயத்துடிப்பைக் குலைக்கக்கூடியவை என்பதால் இதயநோய் மருத்துவர்கள் அஞ்சியது சரியே. 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று, மாரடைப்போ அதை ஒத்த நெஞ்சுவலியோ வந்த 369 பேரிடம் செர்ட்ராலின் மருந்தைச் சோதித்து, அது இதயத்தின் இயக்கத்தைக் கெடுக்கவில்லை என்று காட்டியது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுப்பவர்களுக்கு இவ்வகை மருந்துகள் ரத்தக்கசிவு வாய்ப்பைச் சற்றுக் கூட்டலாம், சில மருந்துகள் ஈ.சி.ஜி.யில் மாற்றம் உண்டாக்கலாம். அதனால்தான் இதயநோய் மருத்துவருக்குத் தெரியாமல் தனியாக இதைத் தொடங்கக் கூடாது என்பதும், இதயநோய்ப் பிரிவின் கூரைக்குக் கீழேயே இது நடக்க வேண்டும் என்பதும்.

சிகிச்சை சரி, எல்லோரையும் கேட்பதால் பயன் உண்டா? அமெரிக்காவில் 1,500 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், மாரடைப்பு வந்தவர்களிடம் வரிசையாகக் கேள்வி கேட்டு மனச்சோர்வைக் கண்டறிந்ததால் ஒன்றரை ஆண்டில் வாழ்க்கைத் தரம் கூடவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் மனச்சோர்வு இருப்பது முன்பே தெரிந்தவர்களைச் சேர்க்கவில்லை. மனச்சோர்வு உள்ளவர்கள் ஏற்கெனவே பெருமளவில் கண்டறியப்பட்டுவிட்ட நாட்டில், மிச்சமிருப்பவர்களைச் சல்லடை போட்டுத் தேடினால் அதிகம் கிடைக்காது. நம் நிலைமை தலைகீழ். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தீவிர மனச்சோர்வு உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. சென்னையில் 25,000-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டு 2009-இல் வெளியான ஆய்வு, 15 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது. இங்கே சல்லடை போட வேண்டியதில்லை, கேட்டாலே போதும். அமெரிக்கச் சோதனை ஒன்றைச் சரியாகவே கற்பிக்கிறது: கேட்டுவிட்டு அடுத்த அடி வைக்காவிட்டால் கேட்டதில் பயனில்லை.

அடுத்த அடியை யார் வைப்பது? லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது என்பதே பலரும் கையை விரிக்கும் காரணம். இந்தக் கேள்விக்கு விடை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை, நம்மிடமே இருக்கிறது. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களின் நான்கு நீரிழிவு சிகிச்சை மையங்களில், நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஓர் ஒருங்கிணைப்பாளர் நோயாளியோடு தொடர்ந்து பேசுவார். மனநிலையையும் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகளையும் குறித்துவைப்பார். மனநல மருத்துவர் எல்லா நோயாளிகளையும் நேரில் பார்க்காமல், அந்தக் குறிப்புகளைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றச் சொல்வார். 2020-இல் வெளியான முடிவில் இரண்டு ஆண்டு கழித்தும் மனச்சோர்வு குறைந்திருந்தது மட்டுமல்ல, மற்ற அளவுகளும் சேர்ந்து மேம்பட்டவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த இன்னொரு சோதனையில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் சிகிச்சை அளித்தார்கள். அந்தச் சிகிச்சையின் சாரம், முடங்கியவரைச் சின்னச் சின்னச் செயல்கள் மூலம் மறுபடி இயங்கவைப்பது. மூன்று மாதத்தில் நோய் நீங்கியவர்கள் அவர்களில் 64 சதவீதம். மற்றவர்களில் 39 சதவீதம். மனச்சோர்விலிருந்து இதயத்துக்குப் போகும் பாதையில் பெரும்பகுதி உடல் முடக்கம் என்றால், அந்த முடக்கத்தையே குறிவைக்கும் ஒரு சிகிச்சை, செலவு குறைந்ததாக, நம் ஊர் மனிதர்களால் தரக்கூடியதாக இருக்கிறது. இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

நம் மக்கள் மனதைப் பற்றிப் பேசமாட்டார்கள், கேட்டாலும் மறைப்பார்கள் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் தமிழில் நெஞ்சு என்பது மார்பையும் குறிக்கும், மனதையும் குறிக்கும். திருக்குறளில் தன் மனதோடு பேசுவதற்குத் தனியாக ஓர் அதிகாரம் இருக்கிறது, நெஞ்சொடு கிளத்தல் என்று. நெஞ்சு கனக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, எதுவுமே பிடிக்கவில்லை என்று சொல்கிறவர் மறைக்கவில்லை; சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது, ஒன்றுமில்லை, எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று அவரை நாம் அனுப்பிவைக்கிறோம். அந்த ஆறுதல் வார்த்தை ஒரு கேள்வியின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கொடியது. மாரடைப்புக்குப் பிறகான மனச்சோர்வு இளம் வயதுப் பெண்களிடம்தான் மிக அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வீடு திரும்பிய சில நாட்களில் அடுப்படிக்குப் போய்விடுகிற பெண்ணிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

தமிழ்நாட்டுக்கு இதைச் செய்யும் அமைப்பு புதிதாகத் தேவையில்லை. சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் இணைத்து மாரடைப்புக்கு விரைந்து சிகிச்சை தரும் முறையைப் பத்தாண்டுகளுக்கு முன்பே சோதித்து, ஓராண்டு இறப்பைக் குறைத்துக் காட்டிய மாநிலம் இது. 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கப் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். உயிரைக் காப்பாற்றும் முதல் மணி நேரத்துக்கு இவ்வளவு செய்த அரசு, அதற்குப் பின்வரும் முதல் ஆறு மாதத்துக்கும் ஒன்று செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும், மாரடைப்பு நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் மனநிலைக்கு ஒரு கட்டம் கட்டாயமாக்கப்பட வேண்டும். உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் பட்டியல் இலவசமானது, தமிழிலும் இருக்கிறது, செவிலியர் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடலாம். மதிப்பெண் கூடுதலாக இருப்பவரின் பெயர் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவுக்கும், அவர் ஊரின் தன்னார்வலருக்கும் போக வேண்டும். வாசலில் மாத்திரை கொடுக்கும்போதே, போன மாத மாத்திரை ஏன் மீந்திருக்கிறது என்று அன்பாகக் கேட்கப் பயிற்சி தர வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றை வீட்டில் உள்ளவர்கள் இன்றே செய்யலாம். உங்கள் வீட்டில் மாரடைப்பிலிருந்து மீண்டு வந்தவர் இருந்தால், அவரிடம் தனியாக உட்கார்ந்து இரண்டே கேள்வி கேளுங்கள். கடந்த இரண்டு வாரமாக எதிலுமே ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போனது போல இருக்கிறதா? பெரும்பாலான நாட்களில் ஆம் என்றால், அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். அவருடைய இதயநோய் மருத்துவரிடம் அடுத்த மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் சொல்லுங்கள். இதய மாத்திரை எதையும் நிறுத்தவிடாதீர்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தாலும் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.